சக்கரமும் பொருந்த வேண்டும், சட்டமும் பொருந்த வேண்டும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் ஏ-34 வீதியில் தண்ணீரூற்றைக் கடந்து செல்வோர், அண்மைக் காலமாக ஒரு மாற்றத்தைக் கவனித்திருப்பர். பழைய ஜப்பானியக் கார்கள் சிலவற்றில், அவற்றுக்கென்று தயாரிக்கப்படாத, அகலமானதும் பளபளப்பானதுமான அலோய் சக்கரங்கள் பூட்டப்பட்டுள்ளன. வேறொரு நாட்டில் ஏதோவொரு ஸ்போர்ட்ஸ் காரில் ஓடிக் கழிந்த சக்கரங்கள், கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளைக் கடந்து வன்னிக்கு வந்து சேர்கின்றன. வெளிநாட்டிலுள்ள அண்ணனோ மாமாவோ அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

இது இளைஞர்களின் ஆசை, இதைப் பற்றி ஆசிரிய பீடம் எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் கேட்கக்கூடும். எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் தொடங்கிய கையோடு, பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பொருத்தப்பட்ட பாகங்களை அகற்றும் நடவடிக்கையில் பொலிஸார் இறங்கினர். சாரதிகளின் சங்கங்களும் பஸ் உரிமையாளர்களின் சங்கங்களும் அதனைக் கடுமையாக ஆட்சேபித்தன. எது அலங்காரம், எது ஆபத்து, எது தேவை என்ற கேள்வி அன்று எழுந்தது. அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை இல்லாதவரை, வீதியில் நிற்கும் பொலிஸாரின் கண்பார்வையே சட்டமாகிவிடும் அபாயம் உண்டு. மறுபுறத்தில், பொருந்தாத ஒரு சக்கரம் கழன்றால் இழக்கப்படுவது உயிர். இந்த இரண்டையும் ஒருசேரக் கருத்திற் கொண்டே நாம் இவ்விடயத்தை அணுகுகின்றோம்.

முதலில், ஒரு காரின் சக்கரத்தை இன்னொரு காரில் பூட்டுவது என்பது உண்மையில் என்ன என்பதைப் பார்ப்போம். இரண்டு பிரபலமான ஸ்போர்ட்ஸ் கார்களையே உதாரணமாக எடுத்துக் கொள்ளலாம். நிசான் ஸ்கைலைன் ஜி.ரி.ஆர். ஆர்-34 காரின் சக்கரத்தை 1990களின் டொயோட்டா சுப்ரா காரில் பூட்ட ஒருவர் விரும்புகிறார் என வைத்துக் கொள்வோம். இரண்டிலும் சக்கரத்துக்கு 5 நட்டுகள். அந்த 5 துளைகளின் மையங்களைத் தொட்டு வரையும் வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 114.3 மில்லிமீற்றர். எனவே சக்கரம் தடையின்றி உள்ளே செல்கிறது. பார்ப்பவர் “பொருந்திவிட்டது” என்கிறார். ஆபத்து அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது.

நிசான் சக்கரத்தின் நடுத்துளை 66.1 மில்லிமீற்றர். சுப்ராவின் அச்சுமுகப்போ 60.1 மில்லிமீற்றர் மட்டுமே. 6 மில்லிமீற்றர் இடைவெளியை நிரப்பும் வளையம் ஒன்றைப் போடாவிட்டால் சக்கரம் சரியான மையத்தில் அமர்கிறதா என்பது நட்டுகளை முடுக்குபவரின் கையில் தங்கிவிடுகிறது. மையம் சிறிது விலகினாலும் வேகத்தில் ஸ்ரியரிங் அதிரும். எதிர்த்திசையில், சுப்ராவின் சக்கரத்தை ஸ்கைலைனில் பூட்ட முயன்றால் அது உள்ளேயே போகாது. பெரிய துளையைச் சிறிய முகப்பில் வளையத்தோடு இருத்தலாம், சிறிய துளையைப் பெரிய முகப்பில் இருத்த இயலாது. துளையைக் கடைந்து பெரிதாக்குவோரும் உளர். அவ்வாறு கடையும்போது சக்கரத்தின் வலுவான பகுதியிலிருந்தே உலோகம் நீங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அடுத்தது நட்டு. டொயோட்டாவின் புரிக்கும் நிசானின் புரிக்கும் தடிப்பு ஒன்றே, 12 மில்லிமீற்றர். ஆனால் புரிகளுக்கிடையிலான தூரம் டொயோட்டாவில் 1.5, நிசானில் 1.25 மில்லிமீற்றர். ஒன்றை மற்றொன்றில் பலவந்தமாக முடுக்கினால் புரி அழிந்துவிடும். நட்டு சக்கரத்தில் அமரும் முகத்திலும் வேறுபாடு உண்டு. டொயோட்டாவின் அலோய் சக்கரங்கள் பலவற்றுக்குத் தட்டையான முகமுள்ள நட்டும், நிசானுக்குக் கூம்பு முகமுள்ள நட்டும், ஹொண்டாவின் சொந்தச் சக்கரங்களுக்கு உருண்டை முகமுள்ள நட்டும் பயன்படுகின்றன. முகம் மாறினால் நட்டு முழுமையாக அமராது ஒரு விளிம்பில் மட்டுமே தொட்டுக்கொண்டு நிற்கும். பூட்டிய அன்று இறுக்கமாகவே இருக்கும். ஓட ஓடத் தளரும்.

மூன்றாவது, சக்கரம் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கிறது என்பது. மேற்சொன்ன ஸ்கைலைன் சக்கரம் 9 அங்குல அகலம் உடையது. சுப்ராவின் முன்சக்கரம் 8 அங்குலம். இரண்டும் அச்சில் அமரும் தளத்தின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால், மாற்றிய சக்கரத்தின் வெளிவிளிம்பு 3 சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகமாக வெளியே வந்துவிடும். அதனால் ரயர் மட்காட்டில் உரசலாம், பெயரிங் மீது கூடுதல் சுமை விழும், பள்ளத்தில் விழும்போது ஸ்ரியரிங் கையை இழுக்கும்.

இவ்வளவையும் அறிந்து, வளையம், நட்டு, அளவு எல்லாவற்றையும் சரிசெய்து பூட்டினால் அதே சக்கரம் பாதுகாப்பாக ஓடும். சக்கரத்தைப் பெரிதாக்கினாலும் ரயரின் உயரத்தைக் குறைத்துச் சுற்றளவைக் காத்துக்கொள்ள முடியும். 195/65 ஆர் 15 என்ற ரயரின் வெளிவிட்டமும் 225/45 ஆர் 17 என்ற ரயரின் வெளிவிட்டமும் ஏறத்தாழ 634 மில்லிமீற்றரே. எனவே வேகமானியும் பிழை காட்டாது. சக்கரத்தை மாற்றுவது குற்றமல்ல. எதையும் அளக்காமல் மாற்றுவதே குற்றம் என்பது எமது கருத்து.

ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் பூட்டும் வித்தை வன்னி மண்ணுக்குப் புதியதல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதியின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினால் எரிபொருள், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் என்பன கிடைப்பது அரிதாயிற்று. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய காலம் அது. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலமும் அதுவே. அரை நூற்றாண்டு பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்கள் நோயாளரைச் சுமந்தன. லொறியின் அச்சு உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் போயிற்று. காரின் சக்கரம் மாட்டு வண்டிக்குப் போயிற்று. 2002 ஜனவரியில் தடை தளர்த்தப்படும் வரை, பின்னர் 2006 ஓகஸ்ட்டில் ஏ-9 பாதை மூடப்பட்ட பின் மீண்டும், எமது கராஜ்காரர்களின் கைகளே ஒரு சமூகத்தின் போக்குவரத்தை நடத்தின. அன்று சக்கரத்தை மாற்றியவனை எவரும் சட்டத்தை மீறியவன் எனக் கூறவில்லை. உயிர் காத்தவன் என்றே கூறினர்.

ஆயினும் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. அந்தக் கைகள் பழகியது இரும்போடு. இரும்பு றிம் பள்ளத்தில் விழுந்தால் வளையும். சுத்தியலால் தட்டி நேராக்கலாம், வெடித்தால் ஒட்டலாம். வார்த்தெடுக்கப்பட்ட அலுமினியக் கலப்புச் சக்கரம் அவ்வாறானதல்ல. அது பெரிதாக வளைந்து எச்சரிக்காமலே வெடிக்கக்கூடியது. வெடித்த இடத்தை ஒட்டினால், அந்தச் சூடே சுற்றியுள்ள உலோகத்தின் வலுவைக் குறைத்துவிடும். வெளிப்பார்வைக்கு ஒட்டிய தடம் அழகாக இருக்கும். அடுத்த பள்ளத்தில் அது பிளக்கலாம். அன்று எம்மைக் காத்த அனுபவமே இன்று எம்மைக் கைவிடக்கூடும் என்பதை எமது மூத்த மெக்கானிக்குகள் தயவுசெய்து மனதிற் கொள்ள வேண்டும். குறுகிய ரயர்கள் பூட்டிய பெரிய சக்கரங்கள், கிரவல் வீதிகளும் இரவில் மாடுகள் படுத்திருக்கும் வீதிகளும் உள்ள வன்னிக்கு எவ்வளவு ஏற்றவை என்பதையும் இளைஞர்கள் சிந்திக்க வேண்டும்.

தண்ணீரூற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் பகுதிகளின் முஸ்லிம் குடும்பங்களும் வீட்டையும் கடையையும் வாகனத்தையும் விட்டுச் சென்றன. அவர்களுட் பலர் புத்தளத்தில் அகதிகளாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். 2009 மே மாதம் போர் முடிவுக்கு வந்தபோது, அதே மாவட்டத்தின் தமிழ்க் குடும்பங்கள் தமது உழவு இயந்திரங்களையும் மோட்டார் சைக்கிள்களையும் லொறிகளையும் முள்ளிவாய்க்கால் மணலில் விட்டு வெறுங்கையோடு வெளியேறினர். துருப்பிடித்த வாகனக் குவியல்கள் அங்கு நெடுங்காலம் கிடந்தன. சிலர் தமது வாகனத்தின் எஞ்சிய பகுதியையேனும் தேடிக் கண்டனர், பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இரு சமூகங்களும் வாகனத்தையும் அதற்குரிய ஆவணத்தையும் இழந்த அனுபவம் கொண்டவை. ஒரு வாகனத்தின் உடலும் இன்னொன்றின் இயந்திரமும் மூன்றாவதன் சக்கரமுமாக மீண்டும் உழைப்பைத் தொடங்கியோர் இரு பக்கத்திலும் உண்டு. அவர்களுக்கு மாற்றம் என்பது அலங்காரம் அல்ல. அது பிழைப்பு. வாகனப் பரிசோதனை பற்றிய எந்தச் சட்டமும் இந்த வரலாற்றை அறிந்து எழுதப்பட வேண்டும் என்பதற்காகவே இதனை இங்கு நினைவூட்டுகின்றோம்.

நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பழைய வாகனங்களையே திருத்தித் திருத்தி ஓட்டும்படி நாடு தன் மக்களுக்குச் சொன்னது. இறக்குமதி திறந்த பின்னரும் புதிய வாகனத்தின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. திருத்தி ஓட்டு என்று ஒரு கையால் கூறிவிட்டு, திருத்தியதற்காக மறுகையால் தண்டம் எழுதுவது நியாயமாகாது.

இனி, பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாள்கின்றன என்பதைப் பார்ப்போம். அயல்நாடான இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், உற்பத்தியாளர் வகுத்த மூல அமைப்பிலிருந்து வேறுபடும் வகையில் வாகனத்தை மாற்றலாகாது எனக் கூறியது. மாற்றங்களுக்கு இடமளித்திருந்த கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அதனால் ரத்தாயிற்று. இது கதவை அடைக்கும் முறை.

ஜேர்மனி வேறு வழியிற் செல்கிறது. அங்கு வேறு சக்கரம் பூட்டத் தடையில்லை. ஆனால் அந்தச் சக்கரம் அந்த வாகனத்துக்கு ஏற்றது என்பதற்கான சான்று வேண்டும். சான்று போதாவிடின் தகுதி பெற்ற பரிசோதகரிடம் வாகனத்தைக் காட்டி அவரது ஒப்புதலைப் பெற வேண்டும். ஜப்பானிலோ அலோய் சக்கரம் குறித்த வலிமைச் சோதனைகளைத் தாங்க வேண்டும். தாங்கியதற்கு அடையாளமாக ஜே.டபிள்யூ.எல். என்ற எழுத்துகள் சக்கரத்திலேயே பொறிக்கப்படுகின்றன. எமது வீதிகளில் ஓடும் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால், சக்கரம் வாங்கும் இளைஞர் எவரும் இந்த எழுத்துகளைத் தேடிப் பார்க்கலாம். எழுத்தைப் போலியாகப் பொறிப்போரும் உள்ளதால், விலை மிகக் குறைவாக இருந்தால் ஐயம் கொள்வது நன்று.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் இன்னொரு பாடத்தைத் தருகிறது. 1990களின் நடுப்பகுதியில் பாரவூர்திகளின் சக்கரங்கள் கழன்று பறந்து வீதியிற் சென்றோர் உயிரிழந்தனர். 1997 இல் அம்மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. வர்த்தக வாகனத்தின் சக்கரம் கழன்றால், கவனமாக இருந்தேன் என்ற வாதத்துக்கே இடமில்லை. 2,000 டொலர் முதல் 50,000 டொலர் வரை தண்டம் உண்டு. அந்தச் சட்டம் சக்கரத்தின் அழகையோ நிறத்தையோ கேட்கவில்லை. கழன்றதா இல்லையா என்பதை மட்டுமே கேட்டது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால ரயர் கட்டாயம் என்பதால், அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கு இருமுறை சக்கரங்களையோ ரயர்களையோ மாற்றுகின்றன. சக்கரம் மாற்றிய பின் சிறிது தூரம் ஓடியதும் நட்டுகளை மீண்டும் முடுக்கிப் பார்க்க வேண்டும் என்பது அங்கு சாதாரண அறிவு. பணம் அனுப்பும் உறவுகள் இந்த அறிவையும் சேர்த்து அனுப்பினால் என்ன?

எமது நாட்டின் மோட்டார் வாகனச் சட்டம் 1951 ஆம் ஆண்டுக்குரியது. அது பலமுறை திருத்தப்பட்டுள்ளது. எனினும் நடைமுறையில், சக்கரத்தை மாற்றிய ஒருவர் அது பாதுகாப்பாகப் பொருத்தப்பட்டுள்ளது என நிரூபிப்பதற்குச் சுலபமான, மலிவான, அருகிலுள்ள வழி வேண்டும் என்பதே எமது கோரிக்கை. கதவை முற்றாக அடைத்தால் மாற்றங்கள் நின்றுவிடப் போவதில்லை. அவை இருட்டுக்குள் நடக்கும். பரிசோதகரிடம் காட்டப் பயந்தவன் நட்டைச் சரிபார்க்கவும் எவரிடமும் போகமாட்டான்.

அவ்வாறான வழியை வன்னியில் ஏற்படுத்த ஆட்களும் நிறுவனங்களும் இல்லை எனச் சாட்டுச் சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் மோட்டார் வாகனத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் அதே அறிவியல்நகரிலேயே அமைந்துள்ளது. அனுபவத்தால் தொழில் கற்றோர் அந்த அனுபவத்தையே காட்டித் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைப் பெறுவதற்கும் ஏற்பாடு உண்டு. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் வண்டி ஓட வைத்த ஒருவருக்கு இன்று கையில் ஒரு சான்றிதழும் இல்லை என்பது அவரது குறையல்ல. அந்த ஏற்பாட்டை அவரது கராஜ் வாசலுக்குக் கொண்டு செல்லாதவர்களின் குறை.

எனவே சில விடயங்களை உரியோரின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகின்றோம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம், எந்த மாற்றம் முற்றாகத் தடை, எது பரிசோதனையோடு அனுமதி, எது அனுமதியே தேவையற்றது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக அட்டவணைப்படுத்தி வெளியிட வேண்டும். அந்த அட்டவணையே வீதியில் நிற்கும் பொலிஸாரின் கையிலும் இருக்க வேண்டும். மாவட்ட மட்டத்தில், குறைந்த கட்டணத்தில், சக்கரமும் பிரேக்கும் ஸ்ரியரிங்கும் பரிசோதிக்கப்பட்டுச் சான்று வழங்கப்பட வேண்டும். பழைய பாகங்களைச் சேர்த்து வாகனத்தை மீட்டெடுத்த போர்க்காலக் குடும்பங்களின் ஆவணப் பிரச்சினைக்கு, ஒருமுறை தீர்வாகவேனும் ஓர் ஏற்பாடு வேண்டும். வெளியேற்றத்துக்கு ஆளான முஸ்லிம் குடும்பங்களும் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அதில் ஒரே அளவுகோலால் நடத்தப்பட வேண்டும்.

கராஜ்காரர்களிடம் எமது வேண்டுகோள் சிறியது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர் ஒன்றை வாங்கி வையுங்கள். டொயோட்டா கார்கள் பலவற்றின் சக்கர நட்டுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீற்றர் என்பது போல ஒவ்வொரு வாகனத்துக்கும் ஓர் அளவு உண்டு. காலால் மிதித்து முடுக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். ஐம்பது முதல் நூறு கிலோமீற்றர் ஓடிய பின் வந்து காட்டு என்று சொல்லி அனுப்புங்கள். வெடித்த அலோய் சக்கரத்தை ஒட்டித் தர மறுங்கள். அந்த மறுப்பால் இழக்கும் கூலி, ஓர் உயிரின் விலையை விடப் பெரிதல்ல.

இளைஞர்களிடமும் ஒரு சொல். ரயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2318 என இருந்தால் அது 2018 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். சக்கரத்தோடு இனாமாகக் கிடைக்கும் ரயரின் வயதை முதலில் வாசியுங்கள். காரில் நீங்கள் மட்டுமல்ல, உங்கள் தாயும் தங்கையும் ஏறுகிறார்கள். எதிரே பாடசாலைப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிறார்கள்.

தண்ணீரூற்று இரு சமூகங்களும் ஒரே வீதியைப் பயன்படுத்தும் ஊர். ஒரே கராஜில் இருவரது வாகனமும் திருத்தப்படுகிறது. கழன்றோடும் சக்கரம் இனம், மதம் பார்ப்பதில்லை. இல்லாமையின் காலத்தில் கிடைத்ததைப் பூட்டி ஓடினோம். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. தெரிவு செய்ய முடிந்த இக்காலத்தில் அளந்து பூட்டிப் பரிசோதித்து ஓடுவோம். அவ்வாறு ஓட விரும்புவோருக்குத் தண்டப் பத்திரத்தை நீட்டுவதற்கு முன், பரிசோதனை நிலையத்தின் கதவைத் திறந்து வைப்பது அரசின் கடமை என்பதை வலியுறுத்த விரும்புகின்றோம்.